போல்ட்டு எந்தப் பக்கம் திரும்பும்? ஸ்கூட்டருக்கு நாமே ஆயில் மாத்துறது எப்படி

கடைசியா எப்போ பெட்ரோல் போட்டீங்கன்னு கேட்டா யோசிக்காம சொல்லிடுவீங்க. உங்க ஸ்கூட்டருக்குக் கடைசியா எப்போ இன்ஜின் ஆயில் மாத்துனீங்க?

எங்க கிளாஸ்ல ஸ்கூட்டர் வச்சிருக்கிற ஏழெட்டுப் பேர்கிட்ட இதைக் கேட்டுப் பார்த்தேன். "அப்பாதான் சர்வீஸ் விடுவார்", "லைட் எரிஞ்சா மாத்தணும், அதானே?", "ஆயில் மாத்தணுமா?" இந்த மூணு பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. ரெண்டாவது பதில் சொன்னவங்களுக்கு ஒரு தகவல்: நிறைய 110 சிசி ஸ்கூட்டர்ல ஆயில் குறைஞ்சா எரியுற லைட்டே கிடையாது. இன்ஜின் சத்தம் மாறுற வரைக்கும் வண்டி எதுவும் சொல்லாது. சத்தம் மாறின அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, செலவுதான்.

ஆயில் மாத்துறது பெரிய வித்தை இல்ல. ஒரு போல்ட்டைக் கழட்டணும், பழசை வடியவிடணும், போல்ட்டைத் திரும்ப மாட்டணும், புதுசை ஊத்தணும். நிதானமா செஞ்சா முக்கால் மணி நேரம். ஆனா அந்த ஒரே ஒரு போல்ட்டுல நான் பண்ணின தப்பால எங்க அப்பாவுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. அந்தக் கதை கீழ வரும். நீங்க அதைப் பண்ணக்கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

முக்கால் லிட்டர் கூட இல்லாத ஆயில்

ஆயில்னா உராய்வைக் குறைக்கிறதுன்னு மட்டும்தான் நாம படிச்சிருப்போம். இன்ஜினுக்குள்ள அதுக்கு இன்னும் வேலை இருக்கு. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல இருக்கிற நூலிழை இடைவெளியை அடைக்கிறது அதுதான். எரிஞ்ச பெட்ரோலோட கரியை அள்ளிக்கிட்டு வர்றதும், உள்ள துரு பிடிக்காம பாத்துக்கிறதும் அதுதான். கூடவே சூட்டையும் வெளிய கொண்டு வருது. நம்ம ஸ்கூட்டர்ல பெரும்பாலும் ரேடியேட்டர் கிடையாது, ஒரு ஃபேன் அடிக்கிற காத்துதான். அதனால சூட்டைத் தணிக்கிற பொறுப்புல ஆயிலுக்குப் பெரிய பங்கு இருக்கு.

இத்தனை வேலைக்கும் உள்ள இருக்கிற ஆயில் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? ஒரு சின்ன காருக்கே கிட்டத்தட்ட 3 லிட்டர் வேணும். 110 சிசி ஸ்கூட்டருக்கு சுமாரா 700 மில்லிதான். அதுல 200 மில்லி குறைஞ்சாலே கால்வாசிக்கு மேல போச்சுன்னு அர்த்தம். அதனாலதான் ஸ்கூட்டர்காரங்க மாத்துறதோட நிறுத்திக்காம, மாசம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாக்கணும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்? மெக்கானிக் அண்ணன் 2000னு சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் 3000ன்னு சொல்வார். சில வண்டியோட மேனுவல்ல 6000 வரைக்கும்கூட இருக்கும். உங்க மேனுவல் சொல்றதை எடுத்துக்கோங்க, ஆனா அதுல கிலோமீட்டர் பக்கத்துல எழுதியிருக்கிற மாசக் கணக்கையும் பாருங்க. ஹாஸ்டல்ல இருந்து டீக்கடை, டீக்கடையில இருந்து ஹாஸ்டல்னு ஓட்டுற வண்டிக்குக் கிலோமீட்டர் ஏறவே ஏறாது. ஆனா இன்ஜின் முழுசா சூடாகுறதுக்குள்ள அணைச்சிடுறோம். உள்ள சேர்ற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாம ஆயிலோடவே தங்கிடும். கம்மியா ஓடுற வண்டிக்கும் வருஷம் ஒரு தடவையாவது மாத்தணும்னு சொல்றது இதனாலதான்.

டப்பா பின்னாடி என்ன எழுதியிருக்கு

கடையில போய் "ஆயில் குடுங்க"ன்னு கேட்டா, "பைக்கா, ஸ்கூட்டரா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. அது சும்மா கேக்குற கேள்வி இல்ல.

பைக்ல இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூணும் பெரும்பாலும் ஒரே ஆயில்ல குளிக்குது. ஆயில் ரொம்ப வழுக்கினா கிளட்ச் தட்டுகள் ஒண்ணோட ஒண்ணு பிடிக்காம நழுவும். அதனால பைக் ஆயில்ல வழுக்கலை ஒரு அளவுக்கு மேல போகவிட மாட்டாங்க. ஜப்பான்காரங்களோட ஜாசோ தரத்துல அதுக்குப் பேரு எம்ஏ. ஸ்கூட்டர்ல கிளட்ச் தனியா, பெல்ட் பக்கத்துல, ஆயிலே படாம உலர்ந்து இருக்கு. அதனால வழுக்கலை இன்னும் கூட்டலாம், இன்ஜின் சுலபமா சுத்தும். அதுக்குப் பேரு எம்பி. டப்பாவோட பின்பக்கம் சின்னக் கட்டத்துக்குள்ள இந்த ரெண்டுல ஒண்ணு இருக்கும். ஸ்கூட்டருக்குத் தெரியாம எம்ஏ ஊத்திட்டா ஒண்ணும் கெட்டுப்போகாது, மைலேஜ்ல கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும், அவ்வளவுதான். எம்பியைத் தூக்கிப் பைக்குல ஊத்திடாதீங்க, கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும்.

அடுத்தது அந்த 10டபிள்யூ-30. டபிள்யூன்னா வெயிட்னு நானும் ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். அது வின்டர். 10டபிள்யூங்கிறது மைனஸ் 25 டிகிரியில அந்த ஆயில் எந்த அளவுக்குக் கெட்டிப்படலாம்னு சோதிச்சுக் கொடுக்கிற கிரேடு. 30ங்கிறது 100 டிகிரியில அது எவ்வளவு நீர்த்துப்போகலாம்ங்கிறதுக்கு. நம்ம ஊர்ல மைனஸ் 25 வரப்போறதில்ல. ஆனா காலையில முதல் ஸ்டார்ட்ல ஆயில் சீக்கிரமா மேல ஏறணுமே, அதுக்கு முதல் நம்பர் கம்மியா இருந்தா நல்லது. "வெயில் ஊரு, கெட்டியா 20டபிள்யூ-40 ஊத்து"ன்னு யாராவது சொன்னா, மேனுவலைத் திறந்து பாருங்க. அதுல அந்த கிரேடு இருந்தா ஊத்துங்க, இல்லன்னா வேண்டாம்.

எடுத்து வைக்க வேண்டியது

மேனுவல்ல சொன்ன ஆயில், ட்ரெயின் போல்ட்டுக்குச் சரியா உட்கார்ற சாக்கெட் இல்லன்னா ரிங் ஸ்பேனர், போல்ட்டுக்குப் புது வாஷர், புனல், அளவு போட்ட குவளை, ஒரு லிட்டருக்கு மேல பிடிக்கிற பழைய தட்டு, பழைய துணி, கையுறை. முனை திறந்த ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் வேண்டவே வேண்டாம், போல்ட்டுத் தலையோட முனையெல்லாம் மழுங்கிடும். கையுறையை அலட்சியம் பண்ணாதீங்க. பழைய ஆயில் தோல்ல அடிக்கடி படுறது உடம்புக்கு நல்லதில்ல.

வாஷர் சில ரூபாய் சமாச்சாரம். அலுமினியத்துலயோ செம்புலயோ இருக்கும். இறுக்கும்போது அது நசுங்கித்தான் கசிவை அடைக்குது. ஒரு தடவை நசுங்கினது ரெண்டாவது தடவை அதே மாதிரி நசுங்காது. அதனால ஒவ்வொரு தடவையும் புதுசு.

ஒரு முக்கியமான குழப்பம்

ஸ்கூட்டரோட அடியில வடிக்கிறதுக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு இன்ஜின் ஆயில். இன்னொண்ணு பின்சக்கரத்துக்குப் பக்கத்துல, கியர் ஆயில். கியர் ஆயில் போல்ட்டைக் கழட்டி வடிச்சிட்டு, இன்ஜின் ஆயிலை இன்ஜின்ல ஊத்துனா என்ன ஆகும்? கியர்பாக்ஸ் காலி, இன்ஜின்ல ரெட்டை அளவு. ரெண்டும் சேர்ந்து கெடும்.

மேனுவல்ல இருக்கிற படத்தைப் பார்த்துட்டுக் குனியுங்க. அப்படியும் சந்தேகம்னா, வர்ற அளவே காட்டிக்கொடுத்துடும். கியர் ஆயில் ஒரு டீ கிளாஸ் அளவு, சுமார் 100 மில்லிதான் வரும். அதோட நின்னுட்டா தப்பான போல்ட்டைத் திறந்திருக்கீங்க. ஒண்ணும் மோசமில்ல. புது கியர் ஆயில் வாங்கி அதுக்குரிய அளவு ஊத்துற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.

கழட்டுறது

சமதளத்துல சென்டர் ஸ்டாண்டு போடுங்க. இன்ஜினை மூணு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சிடுங்க. ஆயில் வெதுவெதுப்பா இருந்தா நல்லா வடியும், அடியில படிஞ்சதையும் சேர்த்து இழுத்துட்டு வரும். ஆனா தூரமா ஓட்டிட்டு வந்த உடனே கை வைக்காதீங்க. சைலன்சரும் சுடும், ஆயிலும் சுடும். மேல இருக்கிற ஆயில் மூடியைக் கழட்டி வைங்க, காத்து உள்ள போனாத்தான் கீழ சீரா வடியும். தட்டை அடியில தள்ளுங்க.

இப்போ போல்ட்டு. இங்கதான் என் கதை.

அது ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம். வண்டி அப்பாவோடது. மில்லுல காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அதுலதான் போவார். என் வண்டியில போல்ட்டோட தலை தரையைப் பார்த்த மாதிரி இருக்கும். நான் கீழ படுக்காம, மேல இருந்தே எட்டிப் பார்த்து ஸ்பேனரை மாட்டினேன். கழட்டணும்னா கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைன்னு தெரியும். எதிர்த்திசையில திருப்பினேன். அசையல. 'கம்பெனியில ரொம்ப இறுக்கிட்டாங்க'ன்னு நினைச்சு, ஸ்பேனர் கைப்பிடியில ரெண்டு அடி ஜிஐ பைப்பைச் சொருகி ஒரு அமுக்கு அமுக்கினேன். 'நறுக்'குன்னு ஒரு சத்தம். அப்புறம் போல்ட்டு சும்மா சுத்துது. இறுகவும் இல்ல, கழலவும் இல்ல. ஆயில் மட்டும் சொட்டுச் சொட்டா வருது.

என்ன ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைங்கிறது போல்ட்டோட தலையை நேருக்கு நேரா பாக்கிறவனுக்கு. தலை கீழ பார்த்து இருக்கும்போது மேல இருந்து பார்த்தா திசை தலைகீழாயிடும். நான் கழட்டுறதா நினைச்சு இறுக்கிக்கிட்டே இருந்திருக்கேன்.

இப்போ கணக்கு. முதல் வருஷம் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல படிச்ச அதே திருப்புவிசை: விசை பெருக்கல் தூரம். இந்த அளவு போல்ட்டுக்கு மேனுவல்கள்ல பொதுவா 20ல இருந்து 25 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் போட்டிருப்பாங்க. 15 சென்டிமீட்டர் ஸ்பேனரோட நுனியில 16 கிலோ எடையளவுக்கு அழுத்தினாலே 24 நியூட்டன் மீட்டர் வந்துடும். ஒரு கை போதும். நான் 60 சென்டிமீட்டர் பைப்போட நுனியில குறைஞ்சது 20 கிலோவாவது போட்டிருப்பேன். அது கிட்டத்தட்ட 120 நியூட்டன் மீட்டர், அதாவது அஞ்சு மடங்கு. போல்ட்டு இரும்பு, இன்ஜின் கேஸ் அலுமினியம். ரெண்டுல எது விட்டுக்கொடுக்கும்னு தனியா சொல்லணுமா? கேஸ்ல இருந்த மரை மொத்தமா உரிஞ்சு வந்துடுச்சு. அந்தப் பேப்பர்ல எனக்கு நல்ல மார்க்குன்னு வேற சொல்லித்தொலைக்கணும்.

மறுநாள் காலையில அப்பா ஒண்ணும் சொல்லல. டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். ஷிஃப்டுக்கு லேட்டு, அரை நாள் கட். நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு, எங்க ஏரியாவுல இருக்கிற லேத் பட்டறைக்குப் போனேன். அங்க இருந்த அண்ணன் குனிஞ்சு பார்த்துட்டு, "பைப்பு போட்டீங்களா தம்பி?"ன்னார். எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டேன். "எல்லாரும் பைப்புதான் போடுவாங்க"ன்னார். ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, புது மரை வெட்டி, உள்ள இரும்புக் கம்பிச் சுருள் மாதிரி ஒண்ணை இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்து கொடுத்தார். "என்ன படிக்கிறீங்க?"ன்னு கேட்டார். "மெக்கானிக்கல்ங்கண்ணா, ஃபைனல் இயர்." அதுக்கு அப்புறம் அவர் ஒண்ணுமே பேசல. அதுதான் ரொம்ப வலிச்சது.

ஆகவே: போல்ட்டோட தலையை நேரா பாக்குற மாதிரி குனியுங்க, இல்லன்னா படுங்க. திசையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்க. கைபலத்துல அசையலன்னா முதல்ல திசையைச் சந்தேகப்படுங்க. திசை சரிதான்னு உறுதியான பிறகும் அசையலன்னா மெக்கானிக்கிட்ட போங்க. பைப்பு மட்டும் வேண்டாம்.

வடியுற நேரத்துல பாருங்க

பத்து நிமிஷம் வடியட்டும். அதுவரைக்கும் ஃபோனைப் பாக்காம ஆயிலைப் பாருங்க. சர்வீஸ் விட்டா கிடைக்காத விஷயம் இது.

கறுப்பா இருக்கா? பயப்படாதீங்க. கரியை அள்ளிக்கிட்டு வந்திருக்கு, அதான் அதோட வேலை. பால் கலந்த காபி மாதிரி இருக்கா? தண்ணி கலந்திருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ சென்னையில எத்தனையோ வண்டி தண்ணியில மூழ்கிச்சு. அப்படி மூழ்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறதுதான் நிறைய பேர் முதல்ல செய்யுற வேலை. செய்யக்கூடாத வேலையும் அதுதான். ஸ்டார்ட் பண்ணாம தள்ளிக்கிட்டுப் போய், உள்ள தண்ணி போயிருக்கான்னு பாக்கச் சொல்லி, ஆயிலை மாத்தணும்.

வெளிச்சத்துல மினுமினுன்னு தெரியுதா? புது வண்டியோட முதல் ஆயில் மாத்துறப்போ லேசா மினுக்கினா சகஜம். பழைய வண்டியில விரல்ல தட்டுப்படுற அளவுக்குத் துகள் வந்தா உள்ள ஏதோ தேயுது, காட்டிடுங்க. பெட்ரோல் வாடை தூக்கலா வந்தாலும் அப்படித்தான். வந்த அளவையும் குவளையில ஊத்திப் பாருங்க. 700 இருக்க வேண்டிய இடத்துல 400தான் வந்துச்சுன்னா, மீதி 300 எங்கேயோ கசியுது, இல்லன்னா எரியுது.

இன்னொண்ணு. நிறைய 110 சிசி ஸ்கூட்டர்ல காருக்கு இருக்கிற மாதிரி பேப்பர் ஃபில்டர் கிடையாது, ஒரு கம்பிவலை மட்டும்தான். சில 125 சிசி வண்டியில ஃபில்டர் இருக்கும். உங்களுக்கு எது, அதை எப்போ சுத்தம் பண்ணணும், எப்போ மாத்தணும்னு மேனுவல்ல இருக்கும். வலையோட மூடியைத் திறக்கிறப்போ உள்ள இருக்கிற ஸ்பிரிங் கீழ விழலாம், கையை அடியில வச்சுக்கோங்க.

மாட்டுறதும் ஊத்துறதும்

போல்ட்டைத் துடைச்சு, புது வாஷர் போட்டு, ஸ்பேனர் இல்லாம விரலாலயே மூணு நாலு சுத்து ஏத்துங்க. விரலுக்கு ஏறாம அடம்பிடிச்சா கோணலா நிக்குதுன்னு அர்த்தம். பின்னாடி எடுத்துட்டு மறுபடி ஆரம்பிங்க. கையால முழுசா உட்கார்ந்த அப்புறம்தான் ஸ்பேனர். காலேஜ் வொர்க்‌ஷாப்ல டார்க் ரெஞ்ச் இருந்தா கேட்டு வாங்கிக்கோங்க. இல்லன்னா சின்ன ஸ்பேனரை ஒரு கையால பிடிச்சு, வாஷர் நசுங்குறது கையில தெரியுற வரைக்கும், அதுக்கு மேல ஒரு துளி. நிறுத்திடுங்க.

அடுத்த பொறி டப்பாவுலயே இருக்கு. ஸ்கூட்டர் ஆயில் நிறைய 800 மில்லி டப்பாவா வருது. உங்க வண்டிக்கு 700 போதும்னா மீதி 100 டப்பாவுலயே இருக்கட்டும். 'காசு கொடுத்து வாங்கினது'ன்னு முழுசா கவுத்துடாதீங்க. கூடிப்போனா கிராங்க் அதைக் கடைஞ்சு நுரையாக்கும், அந்த நுரை ஏர் ஃபில்டர் வரைக்கும் ஏறும், வண்டி புகைக்கும்.

முதல்ல 600 ஊத்துங்க. டிப்ஸ்டிக்கைத் துடைச்சு விட்டுப் பாருங்க. சில வண்டியில மூடியைத் திருகாம, சும்மா வச்சு எடுத்துப் பாக்கணும். சிலதுல திருகணும். இதையும் மேனுவல்ல பார்த்துக்கோங்க, ஏன்னா முறை மாறினா அளவும் மாறிடும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, மேல் கோட்டைத் தாண்டாம நிறுத்துங்க. மூடியைப் போட்டு ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு, அணைச்சு, இன்னொரு ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. குறைஞ்சிருந்தா ஈடுகட்டுங்க. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பேப்பரை விரிச்சு வைங்க. காலையில பேப்பர் சுத்தமா இருந்தா வேலை முடிஞ்சது. தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைங்க.

பழைய ஆயில்

கையில இப்போ 700 மில்லி கறுப்பு ஆயில். சாக்கடையில ஊத்துனா ஒரு நொடியில கண்ணுல இருந்து மறைஞ்சிடும். ஆனா தண்ணி மேல படலமா படர்ந்து, காத்து உள்ள போக விடாது. மண்ணுல ஊத்துனா கிணத்துத் தண்ணிக்குப் போகும். கரையான் வராதுன்னு மரத்துல பூசுறதும் கடைசியில மண்ணுக்குத்தான் வரும். சட்டப்படி இது அபாயகரமான கழிவு, 2016ல வந்த விதிகள்ல இருக்கு. 2024 ஏப்ரல் 1ல இருந்து, ஆயில் தயாரிக்கிற கம்பெனிகளுக்கே பழைய ஆயிலைத் திரும்பச் சேகரிச்சு மறுசுழற்சி பண்ற பொறுப்பும் வந்திருக்கு.

நீங்க செய்ய வேண்டியது சுலபம். ஒரு காலி பாட்டில்ல ஊத்தி, மூடி, மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோங்க. அவங்ககிட்ட ஒரு பேரல் இருக்கும், அதைக் காசு கொடுத்து வாங்கிட்டுப் போக ஆள் வருவாங்க. முறையா சுத்திகரிச்சா அதுல இருந்து திரும்பவும் ஆயில் எடுக்கலாம். காலியான புது டப்பாவைக் குத்தி ஓட்டை போட்டுத் தூக்கிப் போடுங்க. முழுசா விட்டா யாராவது போலி ஆயிலை அதுல நிரப்பி விக்க வாய்ப்பு இருக்கு.

எப்போ நாமே செய்ய வேண்டாம்

வண்டி வாரண்டியில, இலவச சர்வீஸ்ல இருக்குன்னா அங்கேயே விடுங்க, பில்லைப் பத்திரமா வைங்க. போல்ட்டைச் சுத்தி ஏற்கெனவே கசிவு இருந்தாலும் கை வைக்காதீங்க. மறுநாள் காலையில வண்டி யாருக்காவது கட்டாயம் வேணும்னா, முதல் நாள் சாயந்தரம் இதை ஆரம்பிக்காதீங்க. லேத் பட்டறை திறந்திருக்கிற நாளா பார்த்து, காலையில ஆரம்பிங்க.

காசுக் கணக்கும் சொல்லிடுறேன். எனக்கு ஒரு தடவைக்கு மிச்சம் 100, 150 ரூபாய் கூலிதான். பட்டறையில கொடுத்ததையும் அப்பாவோட அரை நாளையும் கழிச்சா, இன்னும் நாலஞ்சு வருஷம் ஓட்டினாத்தான் என் கணக்கு நேராகும். ஆனா இப்போ அந்த வண்டியில எவ்வளவு ஆயில் இருக்கு, என்ன நிறத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும்.

ரெண்டாவது தடவை மாத்தினப்போ அப்பா டார்ச் பிடிச்சார். நான் தரையில படுத்து ஸ்பேனரை மாட்டினதும், "எந்தப் பக்கம்?"ன்னு மட்டும் கேட்டார். சொன்னேன். "ம், திருப்பு"ன்னார்.